பதினொன்றரை மணி அழைப்பு

"போன்ல டவர் எடுக்கலியாம்மா?" என்றுதான் அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசினார்.

என் கணவருக்கு அன்றுதான் முதல் டயாலிசிஸ். கையில் ஊசி குத்துவதைப் பார்க்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டு, அரியாங்குப்பத்தில் இருக்கும் அம்மாவிடம் 'ஆரம்பிச்சிட்டாங்க' என்று ஒரு வார்த்தை சொல்வதற்காகப் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். அந்த மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. பதினாறு படி இறங்க வேண்டும். பாதிப் படியிலேயே டவர் போய்விடும்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் வலது கையால் சுவரைக் காட்டினார். கூரையை ஒட்டி, வெளியே தெரு மட்டத்துக்கு ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதன் கம்பியில் சோப்பு டப்பா அளவுக்கு வெள்ளையாக எதையோ நாடாவால் கட்டி வைத்திருந்தார்கள்.

"அது நம்முளுது. உள்ள சிம் கார்டு இருக்குது. அந்த ஜன்னல்கிட்ட மட்டும் டவர் நல்லா எடுக்கும். போன்ல வைஃபைய ஆன் பண்ணு, பாஸ்வேர்டு சொல்றேன்."

பாஸ்வேர்டு ஒரு பெண்ணின் பெயர். அதற்குப் பின்னால் ஒன்றிலிருந்து நான்கு வரை எண்கள். அம்மாவிடம் பேசி முடித்துவிட்டு வந்து நன்றி சொன்னேன்.

"அதுல மொத்தம் பத்துப் பேருதான் ஏறலாம். நீ பத்தாவது ஆளு. இன்னொருத்தர் வந்தா நான் எறங்கிக்கிறேன், ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரே ஒரு கண்டிஷன். பதினொன்றரைலேர்ந்து ஒரு கால் மணி நேரம் யாரும் நெட்டத் தொடக்கூடாது. எம்பொண்ணு பேசுவா" என்றார்.

திங்கள், புதன், சனி. காலை பத்து மணிக்கு மெஷினில் போட்டால் இரண்டு மணிக்கு விடுவார்கள். எட்டுக் கட்டில். எல்லோரும் அவரை நெட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர். முதலியார்பேட்டையில் வீடு. பஞ்சாலையில் வேலை பார்த்து, ஆலை மூடியபிறகு எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். உடம்புக்கு வந்ததும் அந்த வேலையும் போய்விட்டது. மனைவி இறந்து பல வருஷம். ஒரே மகள். அவள் பிரான்சில் மேல்படிப்புக்குப் போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இதெல்லாம் நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் கண்டது, பதினொன்று இருபத்தைந்துக்கு அவர் செய்த காரியங்களை.

முதலில் சிஸ்டரிடம் சொல்லித் தலைமாட்டை உயர்த்திக்கொண்டார். ஆஸ்பத்திரித் தலையணையை எடுத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் ஒரு பழுப்பு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டார். தலையை வாரினார். ஊசி குத்தியிருந்த இடது கையின்மேல் துண்டைப் போர்த்தினார். போனை வலது கையில் முகத்துக்கு நேராக, கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்து, தெரிவது என்ன தெரியாதது என்ன என்று பார்த்துக்கொண்டார். மற்ற ஏழு கட்டிலிலும் போன்கள் மார்பின்மேல் கவிழ்ந்தன. டி.வி.யின் சத்தத்தை யாரோ நிறுத்தினார்கள்.

போன் அடித்தது.

"சவா?" என்று பிரெஞ்சில் நலம் விசாரித்தார் அவர், உரக்க, சிரித்துக்கொண்டே.

"சவா பியான்பா. சாப்ட்டியா?" என்றது ஒரு பெண்குரல். பின்னால் டிராம் வண்டியின் மணி கேட்டது. அங்கே அப்போது காலை எட்டு மணி. காலேஜுக்கு நடந்து போகும்போது அப்பாவிடம் பேசிக்கொண்டே போவது அவள் வழக்கம்.

"இன்னும் இல்லம்மா. லோடு வந்திருக்குது. எறக்கிட்டுத்தான் சாப்புடணும்."

மெஷின் ஒன்று கீங் கீங் என்று கத்தியது.

"இன்னாப்பா சத்தம்?"

"பேக்கிங் மெஷினும்மா. டேப்பு தீர்ந்துபோச்சுன்னா கத்தும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிஸ்டர் ஓசையில்லாமல் ஓடிவந்து மெஷினின் பொத்தானை அமுக்கிவிட்டு, என்னைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

மகளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் விமானம் ஏறும்போதே அவருடைய சிறுநீரகம் இரண்டும் முக்கால்வாசி போயிருந்தது. அதை மறைத்துத்தான் அனுப்பியிருந்தார். அவள் போன பதினைந்தாம் நாள் டயாலிசிஸ் தொடங்கியது. மெஷினில் இல்லாத நாட்களில் சிநேகிதர் ஒருவருடைய இரும்புக்கடை குடோனில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவாராம். மெஷினில் இருக்கும் நாட்களுக்குத்தான் அந்த வெள்ளை டப்பா. மகள் பிளஸ் டூ படிக்கும்போது ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. அவள் போனபிறகு அதை அலமாரியிலிருந்து எடுத்து, புது சிம் போட்டு, இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டார்.

அதற்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் டேட்டா என்று ஒரு கணக்கு உண்டு. எல்லோரும் சீரியல் பார்த்துத் தீர்த்துவிட்டால் படம் நின்றுவிடும். அதனால்தான் அந்தக் கால் மணி நேரக் கட்டுப்பாடு. அது முடிந்ததும், "ம், இப்ப பாருங்கப்பா" என்று உத்தரவு கொடுப்பார். உடனே மற்ற ஏழு கட்டிலிலும் ஏழு விதமான சத்தம் கிளம்பும். அவர் மட்டும் எதையும் பார்க்க மாட்டார். போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய ஒழுங்குதான். பொய்யை அவ்வளவு ஒழுங்காகச் சொன்ன மனிதரை நான் பார்த்ததில்லை. நேற்று என்ன லோடு வந்தது, எத்தனை பெட்டி, சூப்பர்வைசர் யாரைத் திட்டினார் என்று முந்தின நாளே யோசித்து வைத்துக்கொண்டு வருவார். ஒரு தடவை லோடு சேலத்திலிருந்து வந்தது என்றார். இரண்டு நாள் கழித்து மகள் அதைப் பற்றிக் கேட்டபோது ஈரோடு என்று வாய் தவறிவிட்டது. அவள் கவனிக்கவில்லை. ஆனால் அன்று முழுக்க அவர் முகம் வாடிக் கிடந்தது.

அக்டோபர் முடிவில் ஒருநாள் பதினொன்றரைக்குப் போன் வரவில்லை. பதினொன்றே முக்கால் ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. அவருடைய பி.பி. ஏறத் தொடங்கியது. சிஸ்டர் வந்து, "அண்ணே, படுங்க" என்று அதட்டினாள். பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. குளிர்காலம் என்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டார்களாம். மகள் சொல்ல மறந்துவிட்டாள்.

"ஒரு நாடே கடியாரத்தப் புடிச்சு மாத்தி வெக்குமாம்மா?" என்று என்னிடம் ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "மார்ச் மாசம் மறுபடியும் திருப்பி வெப்பாங்களாம்" என்று மகளிடம் கேட்டு வந்து சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி. எங்கள் பிரிவில் 'பதினொன்றரை' என்றாலே அவருடைய மகள்தான். போன் பன்னிரண்டரைக்கு வந்த மாதங்களிலும், "பதினொன்றரை வந்துடுச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

நான் அந்தப் பொய்க்குள் போனது என் கையால்தான்.

நான் வீட்டில் பிளவுஸ் தைப்பவள். கையின்மேல் துண்டைப் போர்த்துவது எனக்குக் கண்ணை உறுத்தியது. எவனாவது ஆபீஸில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? ஒரு சனிக்கிழமை அவருடைய கட்டம்போட்ட முழுக்கைச் சட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். இடது கையின் தையலைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிரித்து, உள்பக்கமாகப் பட்டி கொடுத்து, வரிசையாக டிக் பட்டன் வைத்தேன். ஊசி குத்தும்போது திறந்துகொள்ளலாம். குழாய் வெளியே வரும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மூடிவிட்டால், பார்ப்பவர்களுக்கு முழுச்சட்டை.

திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்ப்பதுபோல் போனில் பார்த்தார். "தங்கச்சி, நீ இன்னா படிச்சிருந்தாலும் பெரிய ஆளா வந்திருப்ப" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு விபத்து. தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடும் பெரியவர் ஒருவர் கடைசிக் கட்டிலில் இருந்தார். அவர் கட்டுப்பாட்டை மீறி, போர்வைக்குள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டுக்காரரின் போனில் மகளுடைய முகம் அப்படியே உறைந்து நின்றது. "அப்பா, கேக்குதா? அப்பா?" என்று குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியவர், ஏலக் குரலில், "அவுட்டு!" என்று கத்தினார்.

"யாருப்பா அது? எங்க இருக்க நீ?"

"லோடுமேனும்மா."

"போன சுத்திக் காட்டு. உன் ஆபீஸ நான் பாத்ததே இல்ல."

சுற்றிலும் எங்கே திருப்பினாலும் சிவப்புக் குழாய்தான். என்ன செய்வதென்று தெரியாமல் போனை என் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டார். எனக்குப் பின்னால் வெறும் சுவர்.

"இதோ பாரு, எங்க ஆபீஸ்ல பில்லு போடுற அக்கா."

திரையில் ஒல்லியாக ஒரு பெண், தலையில் கம்பளித் தொப்பி, குளிரில் சிவந்த மூக்கு. "வணக்கம்கா" என்றாள். "அப்பா நேரத்துக்குச் சாப்புடறாரா? பாத்துக்குங்கக்கா. கேட்டா எல்லாத்துக்கும் ஆமான்னுதான் சொல்லுவாரு."

"நான் பாத்துக்கிறேம்மா. நீ நல்லா படி" என்றேன்.

அன்றிலிருந்து அழைப்பின் முடிவில் என்னையும் கேட்பாள். அங்கே ரொட்டிக் கடையில் பகுதி நேரமாக வேலை பார்ப்பது, விழுந்த பனி, கூட இருக்கும் பெண் வைக்கும் சூப்பு எல்லாவற்றையும் எனக்குச் சொல்லுவாள். நானும் இல்லாத ஆபீஸைப் பற்றிப் பேசப் பழகிக்கொண்டேன். என் கணவர் ஒருநாள் மெஷினில் படுத்தபடியே, "ரெண்டு பேரும் நல்லா நடிக்கறீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு புதன்கிழமை நான் கேட்டேவிட்டேன். "அண்ணே, இன்னும் எத்தன நாளைக்கு இப்பிடி?"

"படிப்பு ரெண்டு வருஷம்மா."

"அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? அவ மனசு இன்னா பாடுபடும்? சொல்லிடுங்க அண்ணே. அவ சின்னக் கொழந்த இல்ல."

படிப்பு கெட்டுவிடும் என்றுதான் சொல்லுவார் என்று நினைத்தேன்.

"எனக்கும் அவளுக்கும் ஒரே பிளட் குரூப்பும்மா" என்றார். "அவங்கம்மா சாவக் கெடந்தப்போ இவளுக்குப் பதிமூணு வயசு. டாக்டருகிட்ட நேரா போய், 'எங்கிட்டேருந்து எதையாவது எடுத்து எங்கம்மாவுக்கு வெக்க முடியுமா'ன்னு கேட்டவ. இப்போ தெரிஞ்சுதுன்னா படிப்பையா பாப்பா? ஏர்போர்ட்டுலேருந்து நேரா இங்க வந்து படுத்துக்குவா. என்னால தடுக்க முடியாது. அவ ஒடம்புல கத்தி படக்கூடாது. அதான்."

எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. என் கணவருக்குச் சிறுநீரகம் கொடுக்க நான் தயாராக இருந்தேன். என் ரத்தம் பொருந்தவில்லை. எங்கள் வீட்டில் யாருடையதும் பொருந்தவில்லை. அரசாங்கப் பட்டியலில் பெயரை எழுதிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே ஒருவர், கையில் இருப்பதை வேண்டாம் என்று ஒளித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

"நீ சொல்ல மாட்டேன்னு எனக்குச் சொல்லு தங்கச்சி" என்றார்.

"சொல்ல மாட்டேன் அண்ணே" என்றேன்.

மார்ச் கடைசியில் அழைப்பு மறுபடியும் பதினொன்றரைக்கே வந்தது. ஆனால் அவர் முகம் மாறத் தொடங்கியிருந்தது. உடம்பில் நீர் கோத்துக்கொண்டு காலையில் கண் இரண்டும் வீங்கியிருக்கும். மெஷின் நீரை எடுத்த பிறகுதான் வடியும். போன் வரும் நேரத்துக்குப் பாதிதான் வடிந்திருக்கும். இன்னும் கொஞ்சம் அதிகமாக நீரை எடுத்துவிடச் சொல்லி சிஸ்டரிடம் கெஞ்சுவார்.

"முடியாதுண்ணே. உங்க ஹார்ட்டு தாங்காது" என்பாள் அவள்.

ஒவ்வொரு முறையும் மெஷினில் போடும் முன் எடை பார்ப்பார்கள். எவ்வளவு கூடியிருக்கிறதோ அதற்கேற்பத்தான் நீரை எடுப்பார்கள். ஏப்ரலில் ஒருநாள் அவர் எடை மெஷினில் ஏறும் முன்பு, வீட்டுக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்த அந்த வெள்ளை டப்பாவையும், அதற்கு சார்ஜ் போடும் கனமான பவர் பேங்க்கையும், ஒரு தண்ணீர் பாட்டிலையும் கால்சட்டைப் பைகளில் திணித்துக்கொண்டதைப் பார்த்தேன். சட்டையை வெளியே விட்டிருந்ததால் தெரியவில்லை. இறங்கியதும் கழிவறைப் பக்கம் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். டப்பாவை என்னிடம் கொடுத்து, "ஜன்னல்ல கட்டிடும்மா" என்றார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்தது. சிஸ்டரிடம் ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். "வேணாம் அண்ணே, இது வெளையாட்டு இல்ல" என்று அவரிடம் மட்டும் சொன்னேன். "இந்த ஒரு வாட்டிதான்" என்றார். நாற்காலியைப் போட்டு ஏறி டப்பாவைக் கட்டினேன்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை, மகள் பேச்சின் நடுவே நிறுத்திவிட்டு, "இன்னாப்பா மூஞ்சி இப்பிடி உப்பியிருக்குது?" என்று கேட்டாள்.

"தூக்கம் இல்லம்மா. வெயிலு."

"ரெண்டு மாசமா இப்பிடித்தான் இருக்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

போனை வைத்தபிறகு அன்று அவர் யாருக்கும், "இப்ப பாருங்கப்பா" என்று சொல்லவில்லை. யாரும் போனைத் தொடவும் இல்லை.

புதன்கிழமை நாங்கள் போனபோது அவரை ஏற்கெனவே மெஷினில் போட்டிருந்தார்கள். அன்று எடை பார்க்கும்போது நான் இல்லை. பவர் பேங்க் தலைமாட்டில் கிடந்தது. பத்தே முக்காலுக்கே அவருக்குக் கொட்டாவி கொட்டாவியாக வந்தது. பதினொன்றுக்குக் கால் சதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. பதினொன்று இருபதுக்கு, "தங்கச்சி, பெட்டிய எடுத்து முதுகுக்கு வை" என்றவர், நான் திரும்புவதற்குள் கண் சொருகிச் சாய்ந்துவிட்டார்.

சிஸ்டர் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். தலைமாட்டைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, மெஷினை நிறுத்தி, குளுக்கோஸ் பாட்டிலைப் பிழிந்து பிழிந்து ஏற்றினாள். மேலேயிருந்து டாக்டர் இறங்கி வந்தார். பி.பி. எடுபடவில்லை.

அவருடைய போன் அடித்தது.

அது அவர் மார்பின்மேல் இருந்தது. அடித்து நின்றது. உடனே மறுபடியும் அடித்தது. டாக்டர், "யாராவது அத எடுங்க" என்றார். நான் எடுத்தேன். நாலடி தள்ளிச் சுவரோரமாக நின்றுகொண்டேன்.

"அக்கா? அப்பா எங்க?"

"குடோன்ல இருக்காரும்மா. ஸ்டாக் எடுக்கறாங்க. போன என் டேபிள்மேல வெச்சிட்டுப் போயிட்டாரு."

அவள் நடக்கவில்லை. எங்கேயோ நின்றுகொண்டிருந்தாள். பின்னால் டிராம் வந்து நின்று, போயிற்று. அவள் ஏறவில்லை.

"அக்கா, நெஜத்தச் சொல்லுங்க. அப்பாவுக்கு ஒடம்பு இன்னா? ராத்திரி பூரா யோசிச்சேன். எனக்கு என்னமோ சரியாப் படல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, இன்னைக்கே டிக்கெட் போட்டுடறேன். பரீட்ச போனாப் போவுது."

நான் அவரைப் பார்த்தேன். டாக்டரின் முதுகுக்குப் பக்கத்தில் அவர் முகம் தெரிந்தது. கண் பாதி திறந்திருந்தது. நான் தைத்த சட்டையின் பட்டன்கள் எல்லாம் பிரிந்து கை வெளியே கிடந்தது. அந்தக் கையின் விரல் ஒருமுறை அசைந்தது.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். சிரித்தேன்கூட. "வெயில்ல எல்லாருக்கும் இப்பிடித்தான் இருக்குது. பரீட்சைய எழுதிட்டு லீவுல வா. அப்பாவ நான் பேசச் சொல்றேன்."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "சரிக்கா. நீங்க சொன்னாச் சரி" என்றாள். அடுத்த டிராம் வரும் சத்தம் கேட்டது.

அன்று மதியமே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஸ்ட்ரெச்சரைப் படியில் தூக்கிக்கொண்டு போகும்போது, குனிந்து, "சொல்லல அண்ணே" என்றேன். அவர் கண் திறந்திருந்தது. புரிந்ததா என்று தெரியாது. அதன்பிறகு அவர் பேசவே இல்லை. வியாழக்கிழமை வந்த அழைப்பை இரும்புக்கடைச் சிநேகிதர் எடுத்து, லோடோடு வெளியூர் போயிருக்கிறார் என்று சமாளித்தாராம். வெள்ளிக்கிழமை டாக்டர்கள் கைவிரித்த பிறகுதான் இரும்புக்கடைச் சிநேகிதர் மகளுக்குப் போன் செய்தார். அவள் புறப்பட்டுவிட்டாள். சனிக்கிழமை மதியம், அவள் விமானத்தில் இருக்கும்போது, அவர் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை முதலியார்பேட்டை வீட்டு வாசலில் அவள் காரிலிருந்து இறங்கினாள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே இருந்துதான் அப்பாவைப் பார்த்தாள். நானும் போயிருந்தேன். தெருமுனையில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு, அவள் கண்ணில் படாமல் திரும்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, அவள் படியிறங்கி வந்தாள்.

அவர் கட்டிலில் அப்போது வேறொருவர் இருந்தார். அவள் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே வந்து என் எதிரில் நின்றாள்.

"நீங்கதானே பில்லு போடுற அக்கா?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அவளுக்கு என்னை வேறு எப்படித் தெரியும்?

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அட்டைப்பெட்டி, சட்டைக் கை, பேக்கிங் மெஷின், அவர் ஏன் மறைத்தார் என்பது, நான் கொடுத்த வாக்கு. எடை மெஷினைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லும்போது சிஸ்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் அதுவரை அது தெரியாது.

மகள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "நான் கேட்டேனேக்கா" என்றாள். "டிக்கெட் போடட்டுமான்னு கேட்டேன்ல."

"நீ கேட்டம்மா."

"அன்னைக்கே கெளம்பியிருந்தா வியாழக்கெழம வந்திருப்பேன். ரெண்டு நாளு உசுரோட பாத்திருப்பேன்."

"ஆமாம்மா."

சிஸ்டர் அவருடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று கழற்றி வைத்த, நான் தைத்த சட்டையும் சீப்பும் இருந்தன. ஜன்னலில் கட்டியிருந்த டப்பாவையும் அவிழ்த்துத் தரட்டுமா என்று கேட்டாள். மகள் அண்ணாந்து பார்த்தாள். அந்த நேரத்தில் தேங்காய்த்திட்டுப் பெரியவர் பேரனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். "வேணாம், இங்கயே இருக்கட்டும். மாசா மாசம் நான் அங்கேர்ந்து ரீசார்ஜ் பண்ணிடறேன்" என்றாள்.

போய்விடுவாள் என்று நினைத்தேன். இரண்டு படி ஏறியவள் திரும்பி வந்தாள்.

"அன்னைக்கு நான் பேசினது ஸ்பீக்கர்லதானே இருந்துச்சு?"

"ஆமா."

"அப்பா காதுல விழுந்திருக்குமாக்கா?"

விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டுத்தான் அவர் விரல் அசைந்தது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவள் படியிலிருந்து திரும்பி வந்திருந்தாள். என் கணவர் மெஷினிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா" என்றேன். "கண்ணு பாதி தெறந்திருந்துச்சு. வெரல் ஒரு வாட்டி அசைஞ்சுது. அது உன் கொரலுக்கா, வலியிலயான்னு எனக்குத் தெரியல."

அவள் தலையை ஆட்டினாள். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து அவள் அழுது யாரும் பார்க்கவில்லை என்று இரும்புக்கடைக்காரர் சொல்லியிருந்தார். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, என் கணவரின் மெஷின் ஓடி முடியும்வரை, இரண்டு மணி நேரம் அழுதாள். எட்டுக் கட்டிலிலும் ஒரு சத்தம் இல்லை. நான் ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் முதுகில் கை வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.